ஊரின் பணமும் ஊரின் வாழ்வும்



வேதியியல் பயிலும் ஒருவனுக்குப் பாங்கைப் பற்றியும் வட்டியைப் பற்றியும் எழுத என்ன தகுதி உண்டு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பொருளியலைக் கற்றுத் தேர்ந்தவன் அல்லன் நான். ஆனால் கலூரில் இஸ்திரி வண்டிக்குப் பின்னால் நின்று, கரி நெருப்பின் வெப்பத்தைத் தாங்கிக் குடும்பத்தைக் காத்த ஒருவரின் மகன். பணம் எவ்வாறு வருகிறது, எவ்வாறு போகிறது, எங்கே தங்குகிறது என்பதை நூலில் படிப்பதற்கு முன்னரே வீட்டில் பார்த்தவன். பார்த்ததையும் பின்னர் படித்ததையும் ஒன்றுசேர்த்து உங்கள் முன் வைக்கிறேன்.

கலூரை நாம் அனைவரும் அறிவோம். களமசேரியில் மெட்ரோ ஏறினால் சில நிறுத்தங்களில் வந்துவிடும். அங்குள்ள விளையாட்டரங்கத்தையும் அந்தோணியார் கோயிலையும் அறியாதவர் இலர். ஆயினும் அவ்வூரில் ஒரு காலத்தில் பங்குச் சந்தை ஒன்று இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1978-ல் தோன்றிய கொச்சிப் பங்குச் சந்தை, பிற்காலத்தில் ஜட்ஜஸ் அவென்யூவில் உள்ள எம்.இ.எஸ். கட்டிடத்தில் இயங்கியது. என் தந்தையாரின் வண்டி நின்ற இடம் அதற்கு நெடுந்தொலைவன்று. மேல்மாடியில் பங்குகள் கைமாறின. கீழே தெருவில் என் தந்தையார் நாளொன்றுக்கு நூறு ரூபாய் தண்டல் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே தொழிலின் இரு முகங்களே. ஆனால் அந்த மாடிக்கும் அந்தத் தெருவுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு? அதை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு பணிகள்

ஒரு வட்டாரத்தின் வாழ்வில் நிதித் தொழில் செய்யும் பணிகள் நான்கு. சிதறிக் கிடக்கும் சேமிப்பைத் திரட்டுவது ஒன்று. திரட்டியதைத் தேவைப்படுவோர்க்குக் கடனாகவோ முதலாகவோ தருவது மற்றொன்று. ஓரிடத்துப் பணத்தை வேறோரிடத்துக்குக் கொண்டு சேர்ப்பது மூன்றாவது. நட்டத்தின் சுமை ஒருவர் தலையிலேயே விழாமல் பகிர்ந்தளிப்பது நான்காவது.

இந்நான்கில் எதுவும் நெல்லை விளைவிப்பதில்லை. மிளகைக் காய்க்கச் செய்வதில்லை. அப்படியானால் அத்தொழிலால் என்ன பயன்? வேதியியல் மாணவர்களுக்கு இதற்கு விடை சொல்வது எளிது. நடக்கக்கூடிய வினைகள்கூடச் சில வேளைகளில் நடவாமல் நிற்கின்றன; இடையே ஏறிக் கடக்க வேண்டிய மேடு ஒன்று இருக்கிறது. வினையூக்கி அந்த மேட்டின் உயரத்தைக் குறைக்கிறது. புதிதாக ஆற்றல் எதையும் தருவதில்லை. நடக்க வேண்டியது நடக்க வழி செய்கிறது. ஊரில் உழைப்பு இருக்கிறது, திறமை இருக்கிறது, வாங்குவோரும் இருக்கிறார்கள். கையில் முதல் இல்லை என்பதுதான் மேடு. அதன் உயரத்தை வட்டி என்று சொல்கிறோம். நல்ல நிதித் தொழில் அந்த மேட்டைத் தாழ்த்துகிறது. தீய நிதித் தொழில் உயர்த்துகிறது.

மட்டாஞ்சேரியின் மிளகு

நான்காவது பணியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்கு நம் கொச்சியிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கம் 1957 முதல் முன்பேர வாணிபத்தை நடத்தி வந்தது. முன்பேரம் என்பது, பின்னொரு மாதத்தில் கொடுக்கப்போகும் மிளகுக்கு இன்றே விலை பேசிக்கொள்வது.

இதனால் யாருக்கு நன்மை? ஒரு வணிகர் கிலோ 500 ரூபாய் வீதம் மிளகு வாங்கிக் கிடங்கில் வைக்கிறார் என்று கொள்வோம். மூன்று மாதம் கழித்துத்தான் விற்பார். அதற்குள் விலை 450 ஆகிவிட்டால் அவர் கதி என்ன? ஆகவே வாங்கும் அன்றே, மூன்று மாதம் கழித்துத் தருவதாக 510 ரூபாய்க்கு முன்பேரத்தில் விற்றுவிடுகிறார். விலை வீழ்ந்தால் கிடங்கில் இழப்பதை முன்பேரத்தில் பெறுவார். ஏறினால் அங்கே பெறுவதை இங்கே இழப்பார். அவருக்குக் கொள்ளை இலாபமும் இல்லை, பெரு நட்டமும் இல்லை. இந்த உறுதி இருப்பதனால்தான் அவர் இடுக்கி மலையில் உள்ள விவசாயிக்கு அஞ்சாமல் பணம் கொடுக்க முடிகிறது. விலை வேறுபாட்டில் ஆதாயம் தேடும் சூதாட்டக்காரர்களும் அங்கே நுழைவார்கள் என்பது உண்மையே. ஆயினும் அடிப்படைப் பணி பயனுள்ளது.

2003-க்குப் பின் கணிப்பொறி வழியாக நாடு முழுவதற்குமான பண்டச் சந்தைகள் வந்தன. மட்டாஞ்சேரியின் ஏலக் குரல் படிப்படியாக ஓய்ந்தது. மிளகு ஓயவில்லை, அதற்கு விலை சொல்லும் இடந்தான் மாறியது.

சிறு துளி திரளும் விதம்

இனிச் சேமிப்பைத் திரட்டும் பணியைக் காண்போம். நம் ஊரில் சீட்டு என்பதை இங்கே குறி என்றும் சிட்டி என்றும் சொல்கிறார்கள். இருபது பேர் மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் இருபது மாதம் கட்டும் ஏலச்சீட்டை எண்ணிப் பாருங்கள். மாதந்தோறும் 20,000 ரூபாய் சேர்கிறது. மகள் திருமணத்துக்கு உடனே பணம் தேவைப்படும் ஒருவர் 3,000 தள்ளி 17,000 எடுக்கிறார். தள்ளிய 3,000-ல் சீட்டு நடத்துபவர்க்கு நூற்றுக்கு ஐந்து வீதம் ஆயிரம் போக, மீதி 2,000 இருபது பேருக்கும் நூறு நூறாகப் பிரிகிறது. அவசரப்பட்டவர்க்குக் கடன், காத்திருந்தவர்க்கு வட்டி. பாங்கு செய்யும் வேலையை இருபது அண்டை வீட்டார் தாமே செய்துகொள்கிறார்கள். கேரள அரசாங்கமே இத்தொழிலை மேற்கொண்டு, 1969-ல் திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு கே.எஸ்.எஃப்.இ. என்னும் நிறுவனத்தைத் தொடங்கியது என்றால் சீட்டின் வலிமையை நாம் உணரலாம்.

பாங்குகளும் இவ்வாறே வட்டாரங்களின் மண்ணிலிருந்து முளைத்தவை. திருச்சூரில் 1920-ல் கத்தோலிக்க சிரியன் பாங்கும், 1929-ல் சவுத் இந்தியன் பாங்கும் தோன்றின. திருவல்லாவுக்கு அருகில் 1931-ல் பிறந்த சிறிய பாங்கு ஒன்றை 1945-ல் கே.பி. ஹோர்மிஸ் ஏற்று ஆலுவாவுக்குக் கொண்டுவந்தார். அதுவே இன்றைய பெடரல் பாங்கு. நம் பக்கத்திலும் கும்பகோணத்தில் 1904-ல் சிட்டி யூனியன், கரூரில் 1916-ல் வைசியா, தூத்துக்குடியில் 1921-ல் நாடார் பாங்கு என எழுந்தன. நாடார் பாங்குதான் 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்கு எனப் பெயர் பெற்றது. பெரிய பாங்குகள் திரும்பிப் பாராத சிறு வணிகர்க்கு, அவர்களை நேரில் அறிந்தவர்கள் கடன் கொடுத்தார்கள். ஆளை அறிந்திருந்ததே அவர்களுக்கு ஈடு.

ஆளை அறிந்திருப்பது மட்டும் போதுமா? போதாது. கேரளத்தின் மிகப் பெரிய பாங்காக விளங்கிய பாலாய் சென்ட்ரல் பாங்கை மூடும்படி 1960 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கு உயர்நீதிமன்றத்தை நாடியது. திரும்பி வாராத கடன்கள் பெருகியதே காரணம். கூலிக்காரர், ஆசிரியர், சிறு விவசாயி எனப் பலரின் சேமிப்பு அதில் சிக்கியது. அந்த அதிர்ச்சிக்குப் பின்னரே, பாங்கில் போடும் பணத்துக்குக் காப்புறுதி வேண்டும் என்ற எண்ணம் செயலுக்கு வந்தது. 1962 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை காப்பு ஏற்பட்டது. அது படிப்படியாக உயர்ந்து 1993-ல் ஒரு லட்சமும், 2020-ல் ஐந்து லட்சமும் ஆயிற்று. இன்று நாம் அச்சமின்றிப் பாங்கில் பணம் போடுகிறோம் என்றால், அதற்கு விலை கொடுத்தவர்கள் பாலாயில் வரிசையில் நின்றவர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆரம்ப நிலைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் போடும் பணத்துக்கு இக்காப்பு கிடையாது. பெயர்ப்பலகையில் பாங்கு என்று எழுதியிருந்தாலும் கிடையாது. திருச்சூர் மாவட்டத்தின் கருவன்னூர்க் கூட்டுறவு பாங்கில் 2021-ல் வெளிப்பட்ட முறைகேட்டினால், தம் பணத்தையே திரும்பப் பெற முடியாமல் முதியோர் பட்ட பாட்டை நாடு அறியும். பணம் போடும் முன் காப்பு உண்டா என்று கேட்பது வெட்கமன்று.

வரும் பணமும் போகும் பணமும்

மூன்றாவது பணியில் கேரளம் ஒரு தனித்தன்மை வாய்ந்தது. வளைகுடா நாடுகளில் உழைப்போர் அனுப்பும் பணம் இங்கே வந்து குவிகிறது. வெளிநாடு வாழ்வோர் கேரள பாங்குகளில் போட்டிருக்கும் தொகை மட்டும் 2 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். மறுபுறம், வெளி மாநிலங்களிலிருந்து வந்து இங்கே உழைப்போர் தம் ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். அத்தகையோர் ஏறத்தாழ 25 லட்சம் பேர் என்று திருவனந்தபுரத்தின் குலாட்டி நிறுவனம் 2013-ல் கணித்தது. பாலைவனத்தில் உழைத்த மலையாளியின் பணம் கொச்சிக்கு வருகிறது. கொச்சியில் உழைத்த தமிழனின் பணம் சங்கரன்கோவிலுக்குப் போகிறது. இருவர் வாழ்வும் ஒன்றே, வழிதான் வேறு.

இவ்வளவு பணம் குவியும் இடத்தில் ஏழைக்குக் கடன் எளிதில் கிடைக்க வேண்டுமல்லவா? இங்கேதான் ஒரு முக்கியமான கணக்கைக் கவனிக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் மக்கள் போட்டிருக்கும் நூறு ரூபாய்க்கு, அங்கேயே எத்தனை ரூபாய் கடனாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதே அக்கணக்கு. தமிழ்நாட்டில் இது பல ஆண்டுகளாக நூற்றுக்கு மேல். போட்டதைவிட அதிகமாகவே கடன் போகிறது. ஆலைகளும் பட்டறைகளும் பெருகிய மாநிலம் அது. கேரளத்திலோ இது நூற்றுக்கு வெகுவாகக் குறைவு. சேமிப்பு மிகுந்த ஊர் வேறு, கடன் பாயும் ஊர் வேறு என்பதை இதிலிருந்து அறிகிறோம். குளம் நிறைந்திருக்கலாம், கால்வாய் இல்லாவிட்டால் வயல் காய்ந்தே கிடக்கும்.

தெருவில் ஒரு கணக்கு

இனி என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். என் தந்தையார் தண்டல்காரரிடம் 10,000 ரூபாய் கடன் வாங்குவார். கையில் கிடைப்பது 8,500. பிடித்தம் 1,500. பிறகு நாளைக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கேட்பதற்கு எளிய வட்டியாகத் தோன்றும். நூற்றுக்குப் பதினைந்துதானே என்று நானும் நினைத்திருந்தேன். கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒருநாள் முறையாகக் கணக்கிட்டேன். கடன் நாள்தோறும் குறைந்துகொண்டே போவதால், 8,500 ரூபாயும் நூறு நாளும் அவர் கையில் இருப்பதில்லை. சராசரியாகப் பாதிதான் இருக்கிறது. அதன்படி பார்த்தால் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 120 அளவில் வந்தது. தாளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்படிக் கொடுப்போரைத் தடுக்கக் கேரளத்தில் 1958-லேயே சட்டம் உண்டு. 2014-ல் 'ஆபரேஷன் குபேரா' என்று போலீசார் மாநிலம் முழுவதும் தேடுதல் நடத்தினர். இதையெல்லாம் நான் தந்தையாரிடம் ஆவேசமாகச் சொன்னேன். அவர் இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "போலீஸ் வந்தா அண்ணாச்சி ஓடிருவாரு, சரி. நாளைக்குக் கரி வாங்க யாருல தருவா? பாங்குல போனா உன்கிட்ட என்ன இருக்குன்னு கேக்கான். இவரு நான் நாளைக்கும் இங்கதான் நிப்பேனான்னு மட்டுந்தான் பாக்காரு."

அந்தச் சொல்லில் ஒரு பாடம் இருக்கிறது, நண்பர்களே. தண்டல்காரர் கொடியவரோ நல்லவரோ, அவரிடம் பாங்கிடம் இல்லாத ஒன்று இருந்தது. என் தந்தையாரைப் பற்றிய அறிவு! நாள்தோறும் வந்து பார்த்து அவர் அதைச் சேர்த்தார். அதற்குரிய விலையைத்தான் நூற்றுக்கு 120 என்று வாங்கினார். பாங்கிடம் அந்த அறிவு இல்லை; தாள்கள் வழியாகவே அது ஆளை அறியும். குடும்ப அட்டை தென்காசி மாவட்டத்து முகவரியிலும், வாழ்க்கை கலூரிலும் இருக்கும் ஒருவரைப் பற்றி அதன் தாள்கள் என்ன சொல்லும்?

தங்கம் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. தங்கத்துக்கு முகவரி தேவையில்லை. உரைத்துப் பார்த்தால் போதும். வலப்பாட்டிலும் எர்ணாகுளத்திலும் தலைமையிடம் கொண்ட நகைக் கடன் நிறுவனங்கள் இந்தியா முழுவதும் பரவியதன் இரகசியம் இதுவே. என் முதலாண்டுக் கட்டணத்துக்காக அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்று. தண்டலோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு! ஆனால் கழுத்தில் தங்கம் இல்லாதவர்க்கு அந்தக் கதவும் இல்லை.

2020-ல் கொரோனாவினால் அலுவலகங்கள் மூடின. சட்டை தேய்ப்பாரில்லை, ஆனால் தண்டல் நிற்கவில்லை. அந்த ஆண்டு ஜூனில் தெரு வணிகர்களுக்காக 'பிரதமர் ஸ்வநிதி' என்னும் திட்டம் வந்தது. ஈடு எதுவுமின்றிப் பாங்கு வழியாக 10,000 ரூபாய். ஓராண்டில் மாதத் தவணையாகத் திருப்ப வேண்டும். ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் நூற்றுக்கு ஏழு அரசு ஏற்கும். அடுத்த முறை கூடுதல் கடன் கிடைக்கும். துணி வெளுப்போர், தேய்ப்போர் ஆகியோருக்கும் இதில் இடமுண்டு. 2025-ல் இத்திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டி, முதற்கடனை 15,000 ஆக்கியிருக்கிறார்கள்.

ஆனால் தெரு வணிகர் என்பதற்கு உள்ளாட்சியின் சான்று வேண்டும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த என் தந்தையாருக்கு விண்ணப்பத்தில் ஒரு வரியும் விளங்கவில்லை. நான் நிரப்பினேன். ஓர் அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். ஒருமுறை கையெழுத்து, ஒருமுறை புகைப்படம், ஒருமுறை காரணமே சொல்லவில்லை. நான்காம் முறை கடிதம் கிடைத்தது. 2021-ல் கடனும் கிடைத்தது. எரிவாயுவில் இயங்கும் இஸ்திரிப் பெட்டி ஒன்று வாங்கினார். கரிச் செலவு போயிற்று; கண்ணெரிச்சலும் போயிற்று.

கணக்கைப் பாருங்கள். தண்டலை ஓராண்டில் மூன்று முறை எடுத்தால் பிடித்தம் மட்டும் 4,500 ரூபாய். பாங்கில் 10,000 ரூபாயை ஆண்டுக்கு நூற்றுக்கு 12 என்ற வட்டியில் வாங்கிப் பன்னிரண்டு தவணையாகக் கட்டினால் வட்டி 660 ரூபாய் அளவுதான். அரசின் உதவி சேர்ந்தால் அதனினும் குறைவு. அதே மனிதர், அதே உழைப்பு, அதே தெரு. மாறியது மேட்டின் உயரம் மட்டுமே. மிஞ்சிய பணத்தில் அம்மாவின் சங்கிலி திரும்பி வந்தது.

மாடியும் தெருவும்

கலூர்ப் பங்குச் சந்தையின் முடிவைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நிறைவு பெறாது. 1994-ல் தேசியப் பங்குச் சந்தை கணிப்பொறி வழி வாணிபத்தைத் தொடங்கியது. 1996-ல் பங்குகளைத் தாளின்றி வைத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. கொச்சிச் சந்தையும் 1997-ல் கணிப்பொறிக்கு மாறியது. எனினும் வாணிபம் பம்பாய்க்கே போயிற்று. ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் வாணிபம் இல்லாத சந்தைகள் விலகிக்கொள்ள வேண்டும் என்று செபி 2012-ல் விதி செய்தது. 2013-ல் கோயம்புத்தூர், 2014-ல் கொச்சி, 2015-ல் சென்னை என வட்டாரச் சந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக விடைபெற்றன.

இதற்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை. கலூரில் இருப்பவர் இன்று கைப்பேசியிலேயே பங்கு வாங்குகிறார். பெரும்பணத்துக்கு ஊர் தேவைப்படவில்லை. கம்பி வழியே அது எங்கும் போகும். ஆனால் சிறுபணத்துக்கு இன்னும் ஊர் தேவைப்படுகிறது. இஸ்திரி வண்டிக்காரர் நாளையும் அதே இடத்தில் நிற்பாரா என்பதைப் பம்பாயில் உள்ள கணிப்பொறி அறியாது. அவரை அறிந்த ஒருவர், அவர் சார்பில் ஒரு தாளை நிரப்ப வேண்டும். மாடிக்கும் தெருவுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கப் புறப்பட்டேன். அது ஒரு விண்ணப்பத் தாளின் நீளமே என்று கண்டேன்.

ஆகவே நம் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கலூரிலும் வாத்துருத்தியிலும் மட்டாஞ்சேரியிலும் நம்மவர் பலர் தண்டல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாம் விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். அவை வேண்டியவையே. அவற்றோடு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் பேனாவோடு சென்று, கணக்குத் தொடங்கவும் சான்று பெறவும் விண்ணப்பங்களை நிரப்பித் தருவோமாக. மலையாளம் எழுதத் தெரிந்த தோழர்கள் முன்வரட்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை கலூரில் தொடங்கலாம். என் தந்தையார் வண்டியருகே பெஞ்சு போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.